விலக்கு எண் நாற்பத்தொன்று

மூன்றாவது முறையும் கடவுச்சொல் தவறு என்று சிவப்பு எழுத்து வந்ததும், கணினி அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். நின்று பார்த்தால் எழுத்து மாறிவிடுமோ என்று ஒரு நப்பாசை. மாறவில்லை.

"உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது. கணினி அதிகாரியை அணுகவும்" என்றது திரை.

அணுக வேண்டிய ஆள் அவரேதான்.

திங்கட்கிழமை காலை ஒன்பதேகால் மணி. புதிய பாதுகாப்பு விதிகள் அமலுக்கு வந்து பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. இரண்டாம் விதிப்படி கடவுச்சொல்லில் பதினான்கு எழுத்து இருக்க வேண்டும். அதை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. மூன்றாம் விதிப்படி மூன்று முறை தப்பாக அடித்தால் கதவு சாத்திக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் தனக்கென்று ஒரு கடவுச்சொல்லை உருவாக்கினார். மனைவியின் பெயர் இல்லை, பிறந்த தேதி இல்லை, அர்த்தம் என்று ஒன்று அறவே இல்லை. அதை எங்கேயும் எழுதவும் இல்லை. இரண்டு விதிகளையும் நூற்றுக்கு நூறு கடைப்பிடித்ததன் பலனை இப்போது அனுபவித்துக்கொண்டிருந்தார்.

அது ஒரு பூட்டுத் தொழிற்சாலை. அலமாரிப் பூட்டு, கடைப் பூட்டு, இரும்புக் கதவுப் பூட்டு என்று நாற்பது வருடமாகச் செய்கிறவர்கள். சாவிக்குப் பதில் அட்டையைக் காட்டினால் திறக்கும் புதுப் பூட்டு ஒன்றை இப்போதுதான் வடிவமைத்திருந்தார்கள். ஒரு பெரிய ஓட்டல் குழுமம் தன் அறைகளுக்கெல்லாம் அதையே வாங்குவதாக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: பூட்டின் வரைபடங்கள் இருக்கும் சர்வர்கள் பத்திரமாக இருக்க வேண்டும். எந்தச் சர்வரானாலும் குறைந்தபட்சம் இன்னின்ன காவல் இருந்தாக வேண்டும் என்று எழுத்தில் ஒரு விதித்தொகுப்பு வேண்டும். "வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஆடிட்டர் நேரில் வந்து பார்வையிடுவார்" என்று கடிதம் வந்திருந்தது. ஆடிட்டரின் பெயரைக் கேட்டபோது, பாதுகாப்புக் காரணங்களால் பெயர் சொல்வதில்லை என்று பதில் வந்தது. கணினி அதிகாரிக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது.

முதலாளி அவரைக் கூப்பிட்டுச் சுருக்கமாகப் பேசினார்.

"ஊருக்கே பூட்டு விக்கிறோம். நம்ம பதினோரு சர்வருக்கு ஒரு பூட்டு போட முடியாதா?"

"போட்டுடலாம் சார்."

"ஆடிட் தேறிச்சுன்னா நீங்க பாதுகாப்புத் தலைவர். தனி ரூம். தேறலைன்னா சனிக்கிழமை நீங்க வர வேண்டாம்."

"சனிக்கிழமை லீவுதானே சார்?"

"திங்கக்கிழமையும் வர வேண்டாம்."

குறைந்தபட்சம் என்பதைக் கணினி அதிகாரி ஆழமாக யோசித்தார். யோசிக்க யோசிக்கக் குறைந்தபட்சம் வளர்ந்தது. கடைசியில் பதினேழு விதிகள், முப்பத்தாறு பக்கம், நீல அட்டை. சனிக்கிழமை எல்லோரையும் வரவழைத்து, வெளி அச்சகத்தில் அடித்த நீலப் புத்தகத்தை ஆளுக்கொன்று கொடுத்து, ஒன்றரை மணி நேரம் விளக்கினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசல் காவலுக்கு நிற்கும் கேட் அக்கா மட்டும் பின்வரிசையில் எழுந்து நின்றாள். பஸ் கண்டக்டராக இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவள்.

"சார், பதினேழாவதுல வெளியாள் உள்ள வரணும்னா மூணு கையெழுத்துன்னு இருக்கு. செல்போனை கேட்டுலயே வாங்கி வச்சுக்கணும்னு இருக்கு. யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்! அந்தக் கடவுளே வந்தாலும் மூணு கையெழுத்து. இல்லைன்னா பெஞ்சுல உக்காரட்டும்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு அவள் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டாள். பின்வரிசையில் லேசான சிரிப்பு எழுந்தது. சர்வர் என்றால் என்னவென்றே தெரியாதவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று கணினி அதிகாரியும் சிரித்தார்.

திங்கட்கிழமை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரின் பழைய கணக்கு வழியாக உள்ளே போய்விடலாம் என்று பார்த்தார். பழைய கணக்குகளை நீக்கிவிட வேண்டும் என்பது ஐந்தாம் விதி. அதை ஞாயிற்றுக்கிழமையே நீக்கியிருந்தார். அவசரத்துக்கென்று வைத்திருந்த குறுந்தட்டைத் தேடி எடுத்து, ஒவ்வொரு சர்வராகத் தட்டி எழுப்பித் தன் கணக்கைத் திறந்துகொள்வதற்குள் மணி பதினொன்று. அதற்குள் அவர் அறை வாசலில் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் மூன்று முறை அடித்தவர்கள்.

வடிவமைப்புப் பிரிவின் தலைவி முன்னால் நின்றாள்.

"வரைபடமெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. நாங்க ஒன்பது பேரும் வெளிய பத்திரமா இருக்கோம். இப்ப என்ன பண்ணலாம்?"

"பதினாலு எழுத்தை ஞாபகம் வச்சுக்க முடியாதா மேடம்?"

"நீங்க வச்சுக்கிட்டீங்களா?"

அன்று மதியத்துக்குள் தொழிற்சாலை முழுக்க அவருக்குப் 'பதினாலு சார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

பதினாலு சார் அசரவில்லை. விதி என்று இருந்தால் விலக்கு என்று ஒன்றும் இருக்கத்தான் வேண்டும். விலக்கு கோரும் படிவம் ஒன்றைத் தயாரித்துச் சர்வரில் ஏற்றிவிட்டு, எல்லோரும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்.

"சர்வருக்குள்ள போக முடியலைன்னுதான் சார் ஃபாரம் கேக்கறோம்" என்றாள் வடிவமைப்புத் தலைவி.

சரி, அச்சடித்துத் தந்துவிடலாம் என்று பார்த்தால் பிரின்டர் அசையவில்லை. தேவையில்லாத சேவைகளை நிறுத்திவிட வேண்டும் என்பது ஏழாம் விதி. எது தேவை, எது தேவையில்லை என்று முடிவு செய்தவர் அவர். அவருக்கு எதையும் பிரின்டரில் அச்சடிக்கிற வழக்கமில்லை. ஆகவே பிரின்டர் தேவையில்லாத பட்டியலில் இருந்தது. கடைசியில் படிவத்தைக் கையால் எழுதினார். ஒன்பது பிரதிகள். ஏழாவது பிரதியில் கை வலித்து, 'பாதுகாப்பு' என்ற சொல்லை 'பாது' என்று சுருக்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை சரக்கு அனுப்பும் பிரிவின் மேற்பார்வையாளர் வந்தார். வழக்கமாகக் கத்துகிற மனிதர். அன்று கத்தவில்லை; அதுவே பயமாக இருந்தது.

"சார், லாரி காலைல ஆறு மணிக்குக் கெளம்பும். சரக்கு லிஸ்ட் சர்வர்ல இருக்கு. உங்க சர்வர் ஒன்பது மணிக்குத்தான் கண்ணு முழிக்குது."

"ஒன்பதாவது விதி. வேலை நேரத்துல மட்டும்தான் சர்வருக்குள்ள போகலாம்."

"லாரிக்கு அது தெரியலையே. மூணு மணி நேரம் ரோட்டுல நின்னுச்சு. டிரைவருக்கு உங்க புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தேன். நல்லாத் தூக்கம் வருதுன்னார்."

சரக்குப் பிரிவுக்கு நேர விலக்கு தரப்பட்டது. அதைக் கேள்விப்பட்டதும் மற்றப் பிரிவுகளும் நேர விலக்கு கேட்டன. புதன்கிழமை மாலை விலக்குகள் முப்பத்தொன்பது ஆகியிருந்தன. பதினொன்றில் எந்தச் சர்வருக்கு எந்த விதி பொருந்தும் என்பது யாருக்கும் தெரியவில்லை. அதற்கு ஒரு பதிவேடு போட்டார். பதிவேடு எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்று பன்னிரண்டாம் விதி சொன்னது.

கடவுச்சொல் சிக்கல் மட்டும் தீரவே இல்லை. பதினாலு எழுத்தை வாரா வாரம் மாற்ற வேறு வேண்டும். ஆட்கள் பூட்டிக்கொள்வதும், இவர் குறுந்தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவதுமாக இருந்தது. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லோருடைய கடவுச்சொற்களையும் அவரே ஒரு நோட்டில் எழுதி இரும்பு அலமாரியில் வைத்துவிட்டால்? மறந்தவர்கள் வந்து கேட்டுக்கொள்ளலாம். எங்கேயும் எழுதக் கூடாது என்ற இரண்டாம் விதி குறுக்கே நின்றது. விலக்கு எண் நாற்பது பிறந்தது. நோட்டின் பக்கங்களுக்குச் சிவப்பு மையில் ஓரக்கோடு போட்டு, சர்வர் வாரியாக, ஆள் வாரியாக, குண்டு குண்டான எழுத்தில் எழுதினார். அட்டையில் 'மிக இரகசியம்' என்று எழுதினார். எந்த நோட்டு என்று குழப்பம் வரக் கூடாதல்லவா.

வியாழக்கிழமை காலை டீ குடிக்கச் சாலைக்குப் போனவர் அடையாள அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டார். திரும்பி வந்தபோது கேட் அக்கா கையைக் குறுக்கே நீட்டினாள்.

"அட்டை இல்லைன்னா வெளியாள் சார். மூணு கையெழுத்து."

"ஏம்மா, என்னைத் தெரியாதா உனக்கு? இந்த விதியை எழுதினதே நான்தான்!"

"அதனாலதான் சார் நிறுத்தறேன். எழுதினவரே மீறினா மத்தவங்க எப்படி மதிப்பாங்க?"

"அந்த மூணு கையெழுத்துல ஒண்ணு என்னோடது!"

"அப்ப இன்னும் ரெண்டுதான் சார் பாக்கி. பெஞ்சுல உக்காருங்க."

இருபது நிமிடம் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். வடிவமைப்புத் தலைவி அட்டையை எடுத்துக்கொண்டு வந்து மீட்டாள். அட்டையிலிருந்த புகைப்படத்தையும் அவர் முகத்தையும் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

அறைக்குப் போனதும் அவர் செய்த முதல் வேலை, விலக்கு எண் நாற்பத்தொன்றை எழுதியது. 'கணினி அதிகாரிக்கும், அவருடன் வருகிறவருக்கும், எல்லா விதிகளிலிருந்தும் விலக்கு உண்டு. விண்ணப்பித்தவர்: கணினி அதிகாரி. பரிசீலித்தவர்: கணினி அதிகாரி. அனுமதித்தவர்: கணினி அதிகாரி.' மூன்று கையெழுத்தும் ஒரே சாயலில் இருந்தன. ஒரு பிரதியைக் கேட் அக்காவிடம் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, மடித்து, சீருடைப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "நாளைக்குத்தானே அந்த ஆடிட்? எல்லாம் ரெடியா?"

"ஈ எறும்பு உள்ள போக முடியாது. பதினேழு விதி."

"ஈ எறும்பு இருக்கட்டும். வேலை பாக்கிறவங்க உள்ள போக முடியுதா?"

"ஃபாரம் நிரப்பினா போகலாம்."

"ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம்." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "திருட வர்றவன் ஃபாரம் நிரப்பிட்டா வருவான்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியலைன்னுதான் கேக்கறேன். சரி, வீட்டு வைஃபைக்கும் என்னமோ பதினாலு எழுத்து வச்சிருக்கீங்களாமே? உங்க பொண்ணு பக்கத்து வீட்டு மாடிப்படியில உக்காந்து பரீட்சைக்குப் படிக்கிறா. அவங்க வீட்டுல நாலு எழுத்துதானாம்."

அவர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடப் போனார்.

வெள்ளிக்கிழமை எட்டேமுக்கால் மணிக்கே கேட்டுக்கு வெளியில் வந்து நின்றுகொண்டார். ஆடிட்டரை ஒரு நிமிடம்கூடக் காக்க வைக்கக் கூடாது. சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு மனிதர் கறுப்புப் பையோடு நின்று தொழிற்சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மதில் சுவரின் உயரத்தை மேலும் கீழும் பார்த்தார். மூலையிலிருந்த கேமராவைப் பார்த்தார். கையிலிருந்த சின்னக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

பதினாலு சாருக்கு மெய் சிலிர்த்தது. உள்ளே வருவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டாரே! சாலையைக் கடந்து ஓடினார்.

"வணக்கம் சார்! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். பாதுகாப்பு ஆடிட்தானே? நான்தான் கணினி அதிகாரி. வாங்க, வாங்க."

அந்த மனிதர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு குறிப்பேட்டை மூடினார்.

"ஆமா" என்றார். "போலாமா?"

கேட்டில் அக்கா கை நீட்டினாள். "சார், மூணு கையெழுத்து?"

"நாப்பத்தொண்ணு!" என்று உறுமினார் பதினாலு சார். "என்கூட வர்றாரு. தெரியலை? படிச்சேல்ல?"

அவள் பையிலிருந்து தாளை எடுத்துச் சரிபார்த்தாள். "சரிதான் சார். செல்போன், பை?"

"எல்லா விதியிலேர்ந்தும் விலக்கு. இங்க பாரும்மா, ஆடிட் நடக்குது. சாயங்காலம் நான் வெளிய வர்ற வரைக்கும் எந்த வெளியாளையும் உள்ள விடக் கூடாது, என்னையும் எதுக்கும் கூப்பிடக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

சர்வர் அறையில் பதினொரு இயந்திரங்களும் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன. பதினாலு சார் நீலப் புத்தகத்தை நீட்டினார். வந்தவர் அதைப் பிரிக்காமல் மேசை மேல் வைத்தார்.

"புதுப் பூட்டோட வரைபடம் எதுல இருக்கு?"

"நாலாவதுல சார்." நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார் பார்த்தாயா என்று மனசுக்குள் வியந்தார். அரைகுறை ஆளாயிருந்தால் புத்தகத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"உள்ள போறது எப்படி?"

"அதுல பாருங்க சார், யாராலயும் போக முடியாது. பதினாலு எழுத்து."

"மறந்துட்டா?"

பதினாலு சார் புன்னகையோடு இரும்பு அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்து வைத்தார். வந்தவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஓர் உணர்ச்சி தெரிந்தது.

"எத்தனையோ எடத்துக்குப் போயிருக்கேன். இப்படி எல்லாத்தையும் ஒரே எடத்துல, இவ்வளவு தெளிவான எழுத்துல நான் பாத்ததே இல்ல."

"சின்ன வயசுல கையெழுத்துப் போட்டியில முதல் பரிசு சார்."

"வெளியேர்ந்து ஒரு டிரைவைக் கொண்டாந்து செருகினா என்ன ஆகும்?"

"நடக்கவே நடக்காது சார்! பத்தாவது விதி. எல்லாத் துளையும் அடைச்சாச்சு."

"அடைச்சிருக்குன்னு நீங்க சொல்றீங்க. நான் எப்படி நம்பறது? திறந்து காட்டுங்க, பிறகு மூடிக் காட்டுங்க."

நியாயமான கேள்வி. பதினாலு சார் திறந்து காட்டினார். வந்தவர் பையிலிருந்து கட்டைவிரல் அளவுள்ள ஒன்றை எடுத்துச் செருகினார். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. கோடு முடியும்வரை பதினாலு சார் டீ வரவழைத்துக் கொடுத்தார். அப்போது கதவைத் தட்டிக்கொண்டு வடிவமைப்புத் தலைவி எட்டிப் பார்த்தாள்.

"என் வரைபடத்தை நான் தொடணும்னா ஃபாரம் கேட்டீங்க. இவர் நிரப்பிட்டாரா?"

"மேடம், ஆடிட்டர் முன்னாடி இப்படியா பேசறது?" என்று கதவைச் சாத்தினார். திரும்பி, "இவங்கள மாதிரி ஆளுங்களை வச்சுக்கிட்டுத்தான் சார் பாதுகாப்பைக் கொண்டுவரணும்" என்றார்.

"கஷ்டம்தான்" என்றார் வந்தவர்.

பதினொரு சர்வர்களையும் பார்த்து முடிக்கும்போது மணி மூன்று. முதலாளி வந்து கை குலுக்கினார். அறிக்கை எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

"தலைமை அலுவலகத்துலேர்ந்து வரும். ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். எனக்குப் பரம திருப்தி." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பின்பக்கம் வழி இருக்கா? பஸ் அந்தப் பக்கம்தான் வரும்" என்றார்.

பின்கதவை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்பது பதினைந்தாம் விதி. பதினாலு சார் தன் கையாலேயே திறந்துவிட்டார். நாற்பத்தொன்று இருக்க என்ன கவலை?

ஐந்து மணிக்கு எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். முதலாளி பதினாலு சாரின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"இன்னிலேர்ந்து இவர்தான் நம்ம பாதுகாப்புத் தலைவர். தனி ரூம் ரெடி. நம்ம வரைபடத்தை மோப்பம் பிடிக்கப் போட்டிக் கம்பெனிக்காரங்க ஆள் விட்டிருக்காங்கன்னு போன மாசம் கேள்விப்பட்டேன். தூக்கமே வரலை. இனிமே நிம்மதியாத் தூங்குவேன்."

கைதட்டல் எழுந்தது. வடிவமைப்புத் தலைவிகூட இரண்டு தட்டு தட்டினாள். அதற்கு மத்தியில் கேட் அக்கா வாசற்படியில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றி, தயங்கியபடி கை தூக்கினாள்.

"என்னம்மா, சொல்லுங்க" என்றார் புதிய பாதுகாப்புத் தலைவர், பெருந்தன்மையாக.

"ஷிஃப்ட் முடியுது சார். அதான், அந்த அம்மாவை இப்ப உள்ள விடலாமா, திங்கக்கிழமை வரச் சொல்லட்டுமா?"

"எந்த அம்மா?"

"நீங்க அந்த ஆளைக் கூட்டிக்கிட்டுப் போன கொஞ்ச நேரத்துல வந்தாங்க சார். சரியா ஒன்பது மணி. மூணு கையெழுத்து இல்ல. செல்போனை வாங்கி டப்பாவுல போட்டேன், பெஞ்சுல உக்கார வச்சேன். கோவமே படலை. உங்க நீலப் புத்தகத்தை வாங்கி முழுக்கப் படிச்சுட்டு, இத்தனை வருஷமா ஆடிட் பண்றேன், கேட்டுலயே என்னை நிறுத்தின முதல் கம்பெனி இதுதான்னு உங்களை ஒரேயடியாப் பாராட்டறாங்க சார்."